எட்டாவது அபிப்பிராயம்

எங்கள் வீட்டு அலமாரியில் இருபத்தாறு நாவல்கள் இருக்கின்றன. ஒன்றுகூட நாங்கள் வாங்கியதில்லை. எல்லாம் இராஜபாளையம் நாவல் ரசிகர் சபையார் என் வீட்டுக்காரருக்கு மனமுவந்து கொடுத்தவை. பக்கத்திலேயே பிரிக்காத பொட்டலம் ஒன்றும் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், "வாத்தியார் வீட்ல எம்புட்டுப் புஸ்தகம்!" என்று வாயைப் பிளப்பார்கள். எனக்கோ அந்த அலமாரியைத் திறந்தாலே வயிறு எரியும்.

என் வீட்டுக்காரர் சத்தியநேசன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். நான் ரோசம்மாள், போர்டிங்கில் தங்கி எட்டாவது வரை படித்தவள். இருவருக்கும் கதைப் பைத்தியம். ஒரு நாவல் கையில் கிடைத்தால் அவர் பள்ளிக்கூடம் போகுமுன் படிப்பார், நான் அவர் போன பிறகு படிப்பேன். அவர் விட்ட இடத்தில் வேப்ப ஈர்க்கு இருக்கும், நான் விட்ட இடத்தில் விளக்குமாற்றுக் குச்சி இருக்கும். என் குச்சி அவருடைய ஈர்க்கைத் தாண்டிவிட்டால் அன்றைக்குச் சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். முடிவைச் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

முப்பத்தேழாம் வருஷம் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு ஒரு நாவலைப் பற்றி அவர் கடிதம் எழுதினார். அது ஊர், பேருடன் அச்சில் வந்தது. பத்தே நாளில் இராஜபாளையத்திலிருந்து ஒரு கார்டு. எழுதியவர் சமுத்திரம், பஞ்சுக் கம்பெனி குமாஸ்தா, நாவல் ரசிகர் சபையின் காரியதரிசி. 'தங்களைப் போன்ற நுட்பமான ரசிகர் எங்கள் சபைக்கு அவசியம்' என்று எழுதியிருந்தார். அந்தக் கார்டை என் வீட்டுக்காரர் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். பாதிரியார் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

சபையில் இவரோடு சேர்த்து எட்டுப் பேர். சென்னையிலிருந்து புது நாவல் வந்ததும் முன் அட்டைக்குள் எட்டுப் பேருடைய பெயரையும் வரிசையாக எழுதி ஒரு சீட்டு ஒட்டுவார்கள். பின்னால் வெள்ளைத் தாள்கள் சேர்த்துத் தைப்பார்கள். ஒருவர் ஒரு வாரம் வைத்திருந்து படித்து, வெள்ளைத் தாளில் தம் அபிப்பிராயத்தை எழுதி, அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். எட்டாவது ஆள் படித்ததும் புத்தகம் சமுத்திரத்திடம் திரும்பி, சபையின் பீரோவுக்குள் போகும். இவர் நான்காவது. மூன்று பேர் எழுதியதைப் படித்துவிட்டு இவர் எழுதுவார். இவர் எழுதியதைப் படித்துவிட்டு ஐந்தாவது ஆளான கம்பவுண்டர் உக்கிரபாண்டி, 'நாலாம் நம்பர் சொல்வதே சரி' என்று எழுதுவாராம். அதைக் கார்டிலும் எழுதி அனுப்புவார். 'நாலாம் நம்பருக்கு நமஸ்காரம்' என்றுதான் அந்தக் கார்டுகள் ஆரம்பிக்கும்.

இவர் எழுதுவதில் பாதி நான் சொன்னது. அதை அவர் மறைத்ததில்லை. 'என் இல்லாள் கூறுவதாவது' என்று தனியாக எழுதுவார். ஒரு நாவலில் கதாநாயகி எதற்கெடுத்தாலும் மயங்கி விழுகிறாள், அவளுக்குச் சோறு போடுவார் இல்லையா என்று நான் கேட்டது சபை முழுக்கப் பரவி, ஏழு பேரும் சிரித்ததாகக் கார்டு வந்தது. முகம் தெரியாத ஏழு பேர் என் பேச்சுக்குச் சிரித்தார்கள் என்பதில் எனக்கும் பெருமை இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

மறு வருஷம் ஆடிப்பூரத் தேர் பார்க்கச் சமுத்திரம் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார். வந்தவர் நாலாம் நம்பரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கடைவீதியில் வீடு விசாரித்திருக்கிறார். யாரோ தெற்கே கையைக் காட்டிவிட்டார்கள். எங்கள் தெரு ஊரோடு ஒட்டாமல் வயலுக்கு அப்பால் இருந்தது. எங்கள் ஜனங்கள் எங்கே இருக்க வேண்டும் என்று ஊர் ஆதியில் வைத்ததோ அங்கேயே. ஞானஸ்நானம் எங்கள் பெயரைத்தான் மாற்றியது, தெருவை மாற்றவில்லை. கார்டில் எழுதும் விலாசமோ பள்ளிக்கூடத்து விலாசம். அதனால் அதுவரை சமுத்திரத்துக்கு ஒன்றும் தெரியவில்லை.

தெரு முனைப் புளிய மரத்தடியிலேயே அவர் நின்றுவிட்டார். சேதி கேட்டு இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினார். நான் பின்னாலேயே முக்காலியும் மோரும் கொண்டுபோனேன்.

"வீட்டுக்கு வாங்க ஐயா. புஸ்தகமெல்லாம் பாக்கலாம்" என்றார் இவர்.

"இருக்கட்டும் சார். ரயிலுக்கு நேரமாச்சி."

"ஒரு வாய் மோராவது?"

"இப்பத்தான் குடிச்சேன்."

செங்கோட்டை ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். முக்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தோம்.

அடுத்த நாவல் வர ரொம்ப நாளாயிற்று. வந்தபோது சீட்டில் வரிசை மாறியிருந்தது. சத்தியநேசன் எட்டாவது. அடியில் சமுத்திரத்தின் குண்டுக் கையெழுத்தில், 'கடைசி வாசகர் நூலைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம்' என்று ஒரு புது விதி.

"ஏட்டி ரோசம்மா, இங்க பாரு! புஸ்தகத்த நம்மளையே வச்சிக்கிடச் சொல்லிட்டாவ."

"எதுக்காம்?"

"எதுக்காமா? ஒரு மரியாதைக்குத்தான். வேற எதுக்கு?"

"நாலாவதா இருந்தவிய எட்டாவதாப் போனதும் மரியாதையா?"

"கோர்ட்ல தீர்ப்பு மொதல்லயா சொல்லுதாவ? எல்லாரும் பேசி முடிச்ச பொறவுதான் சொல்வாவ. ஒனக்கு எதுலயும் குத்தம் கண்டுபிடிக்கணும்."

எனக்குப் புளிய மரத்தடியிலேயே பாதி புரிந்திருந்தது, இப்போது மீதியும் புரிந்துவிட்டது. நாங்கள் தொட்ட புத்தகத்தை இனிமேல் அவர்களில் ஒருவரும் தொடமாட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷனிடம் அதை எப்படிச் சொல்ல? சொல்லியிருக்க வேண்டும். இன்றுவரை அது என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

எட்டாவது ஆனபிறகு இவர் முன்னைவிட நீளமாக எழுத ஆரம்பித்தார். ஏழு பேர் சொன்னதையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று எழுதினார். எழுதி முடித்து மை உலர்ந்ததும் புத்தகம் அலமாரிக்குள் போகும். அந்த அபிப்பிராயங்களை இந்த உலகத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். உக்கிரபாண்டியின் கார்டும் நின்றுபோயிற்று. "ஆஸ்பத்திரியில வேலை சாஸ்தியா இருக்கும்" என்று இவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். "சபை கூட்டம்னு ஒண்ணு வரும்லா, அன்னைக்கு எல்லாத்தையும் சேத்துச் சொல்லிருவேன்" என்பார். அந்தக் கூட்டத்துக்காகவே ஒன்றரை வருஷம் காத்திருந்தார்.

கூட்டமும் வந்தது. நாற்பதாம் வருஷம் தை மாதம், சபையின் ஆண்டு விழா. அந்த வருஷத்தின் சிறந்த நாவலைப் பற்றிப் பேச இவருக்கு அழைப்பு. அச்சடித்த நோட்டீசில் இவர் பெயர் இருந்தது. வீட்டாரையும் அழைத்து வரும்படி எழுதியிருந்தார்கள்.

அந்த நாவலின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களும் அதைப் படித்து அழுதவர்களாக இருப்பீர்கள். பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருவன் சேரிக் குடிசைக்குள் நுழைந்து, அங்கே கஞ்சி வாங்கிக் குடித்து, அதற்காகத் தகப்பனைப் பகைத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறும் கதை. ஏழு பேரும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். சமுத்திரம், 'கஞ்சி குடிக்கும் கட்டத்தில் கண்ணீர் பெருகி எழுத்து மறைந்துவிட்டது' என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது எனக்கு என் மோர்ச் செம்பு ஞாபகம் வந்தது.

பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கி மாடியில் கூட்டம். முப்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் ஜமுக்காளம் விரித்திருந்தது. எங்கள் இருவருக்கும் மட்டும் வாசலோரம் நாற்காலி. "காத்து நல்லா வரும் சார்" என்றார் சமுத்திரம். பிறகு எல்லாருக்கும் தம்ளரில் காப்பி வந்தது. எங்களுக்கு மட்டும் ஆளுக்கொரு இளநீர் சீவிக் கொண்டுவந்தார்கள்.

"பாத்தியா, வெயில்ல வந்த களைப்புன்னு நமக்குத் தனியா இளநி" என்று இவர் என் காதில் சொன்னார்.

குடித்த தம்ளரைக் கழுவ வேண்டும், இளநீர்க் கூட்டைத் தூக்கி எறிந்தால் போதும். நான் அதைக் குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

கூட்டம் தொடங்கச் செத்த நேரம் இருந்தது. சுவரோரம் சபையின் கண்ணாடி பீரோ. இவர் எழுந்து ஆசையாக அதன் பக்கம் போனார். நானும் இளநீரைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். புத்தக முதுகுகளைப் படித்துக்கொண்டே வந்தவர் நின்றார்.

"ரோசம்மா, இது நம்ம வீட்ல இருக்கே. இதுவும் இருக்கு. இதுவும்."

அந்தச் சிறந்த நாவலும் அங்கே இருந்தது. புத்தம் புதுப் பிரதி. பீரோ பூட்டியில்லை, எடுத்தார். முன் அட்டைச் சீட்டில் ஏழு பெயர்கள். பின்னால் வெள்ளைத் தாள்களில், ஏழு பேருடைய அபிப்பிராயங்களும் சமுத்திரத்தின் குண்டுக் கையெழுத்தில் அழகாகப் பிரதி எடுக்கப்பட்டிருந்தன. ஏழாவதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. இவர் அடுத்த தாளைப் புரட்டினார். அதற்கடுத்த தாளையும் புரட்டினார். ஒன்றும் இல்லை.

காப்பித் தம்ளரோடு உக்கிரபாண்டி வந்தார். நல்ல மனுஷன்தான். எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேசினார்.

"சார் கிட்ட ஒரு புஸ்தகம் வந்துருதில்லா. அத அனுப்புமுன்னமே சபைக்குன்னு ஒண்ணு புதுசா வாங்கிருவோம். அதுல எங்க அபிப்பிராயத்தயெல்லாம் சமுத்திரமே ஒக்காந்து எழுதிருவாரு."

"என்னோடது?" என்றார் இவர்.

உக்கிரபாண்டி தம்ளரைப் பார்த்தார். "ஒங்களோடது ஒங்க கிட்டயே பத்திரமா இருக்குல்லா சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

இவர் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்து, முதுகுகளை வரிசைப்படுத்தி, பீரோவைச் சாத்தினார். பள்ளிக்கூடத்தில் செய்கிறதைப் போலவே ஒழுங்காகச் செய்தார். சட்டைப் பையில் பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். ஒரு வாரமாக என்னை எதிரே உட்கார வைத்துப் பேசிப் பேசிப் பழகிய பேச்சு. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து வாசலோரமே நின்றார். காகிதத்தை எடுக்கவில்லை.

"ஏழு பேர் எழுதினதையும் படிச்சேன். எல்லாரும் அழுதிருக்கீங்க. அதுக்கு மேல சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கை தட்டினார்கள்! சமுத்திரம் எழுந்து, "வாத்தியாரின் அடக்கத்தை நாம் எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். மறுபடியும் கை தட்டினார்கள். மடியில் இருந்த இளநீரை அந்த ஆள் மூஞ்சியில் வீசலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. வீசவில்லை. நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ரயிலில் சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஊர் நெருங்கும்போது கேட்டார்.

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"வரிசை மாறுன அன்னைலருந்து."

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

மாசி மாதம் அடுத்த நாவல் வந்தது, வழக்கம்போல எட்டாவதாக. இவர் படித்தார், நானும் படித்தேன். வேப்ப ஈர்க்கு எங்கே இருக்கிறது, குச்சி எங்கே இருக்கிறது என்று இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்து எழுதினார். நான் பக்கத்தில் போனதும் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் எழுதியதை என்னிடம் மறைத்தது அதுதான் முதல் தடவை.

"எங்கிட்டயும் காட்டக் கூடாதா?"

"இது அவியளுக்கு எழுதுனது ரோசம்மா. மொதல்ல அவிய படிக்கட்டும்."

முன் அட்டைச் சீட்டில் தம் பெயருக்குக் கீழே, '9. சமுத்திரம்' என்று எழுதினார். தாளில் சுற்றி, நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, ரிஜிஸ்தர் செய்து அனுப்பினார்.

ஒன்பதாம் நாள் பள்ளிக்கூடம் லீவு. தபால்காரர் சிவனாண்டி எப்போதும்போலத் தெரு முனையில் நின்று குரல் கொடுத்தார். இவர் போய் வாங்கி வந்தார். அதே பொட்டலம்தான். மேலே சிவப்புப் பென்சிலில் 'வாங்க மறுப்பு' என்று எழுதியிருந்தது. இவர் போட்ட முடிச்சுக்கூட அவிழவில்லை. கொண்டுபோய் அலமாரியில் வைத்தார்.

அதற்குப் பிறகு சபையிலிருந்து புத்தகம் வரவில்லை. இவரும் பாடப் புத்தகம் தவிர வேறொன்றும் படிப்பதில்லை. அந்தப் பொட்டலத்துக்குள் என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கத்தரிக்கோல் அதே அலமாரியில் கீழ்த்தட்டில்தான் இருக்கிறது. அவர் பள்ளிக்கூடம் போன பிறகு எத்தனையோ முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். திரும்ப வைத்துவிடுவேன். அது எனக்கு எழுதியது இல்லை.