நூற்று நாற்பத்தேழாம் கம்பம்

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதனால் இரண்டு தடவையும் ஜெயித்தது நான், கவுன்சிலர் ஆனது என் வீட்டுக்காரர். ஏழு வருடமாக ரிப்பன் வெட்டியது, போட்டோவில் நடுவில் நின்றது, கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தியது எல்லாம் அவர்தான். போன் எடுப்பது மட்டும் என் வேலை. தெருவிளக்கு எரியவில்லை என்று யார் கூப்பிட்டாலும், "கம்பத்து நம்பர் என்ன?" என்பேன். நம்பர் இல்லாத புகாரை நோட்டில் ஏற்ற மாட்டேன். விளக்கு எரிகிறது என்று புகார் சொன்னவர் வாயால் கேட்காமல் டிக் போடவும் மாட்டேன்.

நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. கட்சியின் மேலிடப் பார்வையாளர் என்னை வேட்பாளர் நேர்காணலுக்கு அழைத்திருந்தார். என் வீட்டுக்காரர் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார்.

எனக்கு அந்தச் சீட்டின் மேல் கொள்ளை ஆசை. சொல்லத்தான் வாய் வரவில்லை.

"நீ பக்கத்துல நின்னு சிரி, போதும். மத்தத நான் பாத்துக்கறேன்," என்றார் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேர்காணல் அறையில் பார்வையாளருக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. இவர் ஜம்மென்று அதில் உட்கார்ந்துகொண்டார். நான் கைப்பையோடு நின்றேன்.

"உங்க வார்டுல ஒரு லைட்டு எரியலன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் பார்வையாளர்.

இவர் தொண்டையைச் செருமினார். "இருளை விரட்டறதுதான் என் லட்சியம். வீட்டுக்கு வீடு வெளிச்சம், அப்புறம் நாட்டுக்கே வெளிச்சம்..." இப்படியே ஐந்து நிமிடம் அளந்தார். கொட்டாவியை மென்று விழுங்கிய பார்வையாளர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

ஏழு வருடப் பழக்கம். "கம்பத்து நம்பர் என்ன?" என்று தானாக வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதே குரல்தான்! நேத்து சாயங்காலம் யாருன்னு சொல்லாம உங்களுக்குப் போன் பண்ணேன். நம்பர் தெரியலன்னதும், 'கண்ணு இருக்குல்ல, போய்ப் பாத்துட்டு வாங்க'ன்னு வச்சிட்டீங்க. நானும் நடந்துபோய்ப் பாத்து வந்து சொன்னேன்."

இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ கோபம் முந்திக்கொண்டது.

"நூத்தி நாப்பத்தேழு நீங்கதானா? ஒரு மணி நேரத்துல லைன்மேன் சரிபண்ணிட்டாரு. கேக்கலாம்னு அஞ்சு தடவ கூப்பிட்டேன், ஏன் எடுக்கல? உங்களாலதான் அது முடியாம கெடக்கு." கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜையில் விரித்தேன். "எரியுதா, இல்லையா?"

"எரியுதுங்க," என்றார் அவர், வாத்தியாரிடம் மாட்டியவர் மாதிரி.

டிக் போட்டேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் எந்திரிங்க. கவுன்சிலர் உக்காரட்டும்."

நின்றேன், ஜெயித்தேன், தலைநகருக்கு வந்தேன். நாடாளுமன்றத்தில் முதல் பேச்சை முடித்துவிட்டு வெளியே வந்தால் இவரிடமிருந்து போன். டிவியில் என்னைப் பார்த்துப் பூரித்துப்போய்ப் பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஆசையாக எடுத்தேன்.

"நம்ம வாசல்ல மூணு நாளா லைட்டு எரியலடி! புதுக் கவுன்சிலருக்குப் போன் போட்டா அவ வீட்டுக்காரன் எடுத்து, லட்சியம் அது இதுன்னு பேசறான். நீயாவது ஏதாவது பண்ணு."

"கம்பத்து நம்பர் என்ன?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடக்கும் சத்தம் கேட்டது.

"அது எங்கடி எழுதியிருக்கும்?"