ஐந்தாவது குழாயின் வெண்ணெய்

பார்களில் பீர் வரும் குழாய்களைக் கழுவுவதுதான் அவளுக்கு வேலை. பத்தொன்பது பார்கள் அவள் கையில் இருந்தன. காலையில் கடை திறக்குமுன் வேனில் போய் இறங்குவாள். பீப்பாயைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் காரத் திரவம் நிறைந்த உருளையை மாட்டுவாள். இருபது நிமிடம் ஊறவிட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை ஓட்டுவாள். குழாயின் வாயைத் தனியே கழற்றி, பல் தேய்ப்பதுபோல் தூரிகையால் தேய்ப்பாள். பார்க்காரர்கள் அவளைக் குழாயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஒரு சொட்டு பீர் குடித்ததில்லை. உள்ளே என்ன வளர்கிறது என்று தெரிந்த பிறகு குடித்துப் பார்க்கும் ஆசையும் வரவில்லை.

கணவனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் வீட்டில் அவளும் மாமனாரும்தான். அவர் குடிநீர் வாரியத்தில் நாற்பது வருடம் குழாய் பதித்து ஓய்வு பெற்றவர். "நம்மளது குழாய்க் குடும்பம்மா, எங்க போனாலும் ஒழுகிட்டே இருக்கும்" என்று அவர் சொல்வதும், அவள் சிரிப்பதும் வழக்கம். இருவருக்கும் ஒத்துப்போனது. மாலை நான்கு மணிக்கு நடக்கப் போகிறேன் என்று கிளம்புவார். ஏழு மணிக்குத் திரும்பிவிடுவார். சில வாரங்களாக அவருடைய கைக்குட்டைகள் மொடமொடவென்று விறைத்துக்கொண்டு துவைக்க வந்தன. பழுப்புக் கறை, இனிப்பு வாசனை. இருமல் மருந்து குடிக்கிறார் போலிருக்கிறது, சொன்னால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவேன் என்று மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் கழுவும் பார்களில் ஒன்று தபால் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது. அங்கே நான்கு குழாய்கள் இருந்தன. நாலு மாதத்துக்கு முன் முதலாளி ஐந்தாவதாக ஒன்று போட்டார். அதில் வருவது இனிப்பான கறுப்பு பீர். சாக்லேட், வெனிலா, பால் சர்க்கரை எல்லாம் போட்டது என்று பலகையில் எழுதிவைத்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு கேக் தின்பதற்குப் பதில் இதைக் குடிக்கலாமாம். எண்ணெய்போல் கொழகொழவென்று கோப்பையில் இறங்கும். கோப்பையைச் சாய்த்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மெல்ல வழியும்.

"அஞ்சாவதத் தொடாதக்கா" என்று முதலாளி ஒவ்வொரு தடவையும் சொல்வார். "நிக்காம ஓடுது. கழட்டினா குழாய்ல இருக்கறது பூரா வீணாப் போயிடும்."

"இனிப்பு பீருங்க. இதத்தான் மொதல்ல கழுவணும்."

"அடுத்த தடவ பாத்துக்கலாம்."

அந்த அடுத்த தடவை வரவேயில்லை. பிறகு முதலாளி கண் அறுவைச் சிகிச்சைக்காக ஒரு வாரம் வெளியூர் போனார். கடையைப் பார்த்துக்கொண்ட அவருடைய மனைவி, "எல்லாத்தையும் கழுவிடுங்க, ஈ மொய்க்குது" என்றாள்.

குழாயக்கா ஐந்தாவது குழாயின் வாயைத் திருகி எடுத்தாள். அதோடு கூடவே ஏதோ வந்தது. பழுப்பாக, விரல் நீளத்துக்கு, சளிபிடித்த மூக்கிலிருந்து வருவதுபோல் நீண்டு, அறுந்து, அவள் கையுறைமேல் தொப்பென்று விழுந்தது. காரத் திரவத்தை ஏற்றியதும் உள்ளே ஒட்டியிருந்ததெல்லாம் கழன்று வரத் தொடங்கியது. தோல் தோலாக, இழை இழையாக, நடுவே கட்டி கட்டியாக. வாளியில் அது உடனே கரையவில்லை. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மெல்லச் சுற்றியது. புளித்த பாலும் கெட்டுப்போன வெண்ணெயும் சாக்லேட்டும் கலந்த வாடை. பாரின் கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்தாள். மூன்று முறை ஊறவைத்து, மூன்று முறை ஓட்டிய பிறகுதான் தண்ணீர் தெளிந்தது. மோசமான குழாய் எதுவானாலும் முதலாளியிடம் காட்டுவதற்கு ஒரு பாட்டிலில் பிடித்துவைப்பாள். இதையும் பிடித்து வேனில் வைத்தாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டாள்.

மறுநாள் மாலை மாமனார் ஐந்தரைக்கே திரும்பி வந்தார். விளக்கெண்ணெய் குடித்த முகம்.

"என்ன மாமா, உடம்பு சரியில்லையா?"

"கெடுத்துட்டானுங்கம்மா. நல்லா இருந்ததப் போய்க் கெடுத்துட்டானுங்க."

"எத?"

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, மறைக்க வேண்டும் என்பதையும் மறந்து சொன்னார். "அந்தக் கறுப்பு பீர்தான். பின்தெருவுல. அதுல ஒரு வெண்ணெய் வாசனை வரும். நாக்குல வச்சா அப்படியே உருகும். இன்னிக்கு அது போயிடுச்சு. வெறும் சர்க்கரைத் தண்ணி."

அவர் மீசையைத் துடைத்து விறைத்த கைக்குட்டைகள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. அவற்றைக் கையால் கசக்கித் துவைத்திருந்தாள்.

முதலாளி ஊர் திரும்பிய அன்றே கூப்பிட்டு அனுப்பினார். மாலை நான்கரைக்குப் போனாள். மூலை மேசையில் ஆறு பேர். நடுவில் மாமனார், அவரை ஒட்டி ஒரு பல் டாக்டர், மற்றவர்களும் அதே வயதுக்காரர்கள். ஒவ்வொருவர் முன்னும் சிறிய கோப்பை. மேசையில் மாமனாருக்குப் பெயர் 'நாக்கு' என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவர் முதலில் உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, இன்ன ருசி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் குடிப்பார்களாம். மருமகளைப் பார்த்ததும் அவர் கோப்பையைப் பார்க்கத் தொடங்கினார்.

"அஞ்சாவதுல என்ன பண்ணின?" என்றார் முதலாளி. ஒரு கண்ணில் கட்டு இருந்தது.

"கழுவினேன்."

"இவங்க எல்லாரும் ருசி போச்சுங்கறாங்க."

"வெண்ணெய் போச்சு" என்று டாக்டர் திருத்தினார். "பலகையில கூடப் போடல, ஆனா உள்ள இருந்துது. நாக்கு சார்தான் கண்டுபிடிச்சாரு. அதுக்காகவே நான் நோயாளிங்கள சீக்கிரம் அனுப்பிட்டு வருவேன்."

அவள் வேனுக்குப் போய்ப் பாட்டிலை எடுத்து வந்து மேசை நடுவே வைத்தாள். அடியில் பழுப்புக் குழம்பு தங்கியிருந்தது. மேலே தோல் மிதந்தது. மேசை ஆடியதில் தோல் மடிந்து, மெல்ல விரிந்தது.

"இதாங்க உங்க வெண்ணெய். நாலு மாசமா குழாய்ல வளந்தது. கிருமி. இதுங்க கழிச்சு விடறதுதான் அந்த வாசனை."

ஒருவர் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, விடைபெறாமல் வெளியே போனார். இன்னொருவர் வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைப் பக்கம் போனார்.

டாக்டர் பாட்டிலைக் கையில் எடுத்தார். வேண்டாம் என்று அவள் சொல்வதற்குள் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். முதலில் முகம் சுருங்கியது. மறுபடி முகர்ந்தார். பிறகு அவர் முகத்தில் வேறொன்று பரவியது. அது சந்தோஷம்.

"கழுவற மருந்து நெடிக்கு அடியில அதே வாசனைதான்" என்றார். "சீஸ் கூடக் கிருமிதானேம்மா. நல்லதா இருந்தா எங்க வளந்தா என்ன?"

மீதி இருந்தவர்கள் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் கோப்பையை மேசைமேல் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார்.

முதலாளி அவளைத் தனியே அழைத்தார். "இங்க பாரு, மத்த நாலையும் கழுவு. அதை விட்டுடு. கழுவின தேதி எழுதற அட்டையில மட்டும் அஞ்சும் கழுவினதா கையெழுத்துப் போட்டுடு."

"போட மாட்டேங்க."

"அப்ப வேற ஆள் பாத்துக்கறேன்."

"பாத்துக்குங்க. அவங்களுக்காவது கையுறை வாங்கிக் குடுங்க."

மாமனார் அவளோடு வேனில் ஏறினார். இரண்டு தெரு தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மொத நாளே தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"அது குழாய் அழுக்குன்னு. நாப்பது வருஷம் குழாய்ல கெடந்தவன், எனக்கா தெரியாது. டாக்டர்தான் கேட்டாரு, இதுல என்னமோ இருக்கே, என்னன்னு சொல்லுங்கன்னு. எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறாங்க. அழுக்குன்னா சொல்ல முடியும்? வெண்ணெய்ன்னேன். ஆமா ஆமான்னாங்க. வேலைய விட்டதுக்கப்புறம் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லம்மா."

"சரி, ஒரு நாள் சொல்லிட்டீங்க. அப்புறமும் எதுக்குக் குடிச்சீங்க?"



"ரெண்டாவது வாரத்துல பிடிச்சுப்போச்சு."

அவள் வேனை ஓரங்கட்டினாள். கதவைத் திறந்து சாலையோரத்தில் குனிந்தாள். இத்தனை வருடமாக எத்தனையோ பார்களின் கசடைப் பார்த்தும் வராத வாந்தி அன்று வந்தது. மாமனார் இறங்கித் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் விரல்கள் பிசுபிசுத்தன. அவள் பாட்டிலின் அடியைப் பிடித்து வாங்கி, வாயைக் கொப்பளித்து, அவர் தொட்ட இடத்தையும் கழுவினாள்.

பத்து நாள் அவர் எங்கும் போகவில்லை. செய்தித்தாளை இரண்டு தடவை படித்தார். தோட்டத்துக் குழாயைத் தேவையில்லாமல் கழற்றி மாட்டினார். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது; ஆனாலும் அவர் குடித்துவைத்த டம்ளரைத் தனியே கழுவினாள். ஒன்றரை மாதம் கழித்து ஒரு மாலை வாசலில் டாக்டரின் கார் வந்து நின்றது. ஐந்தாவது குழாயில் மறுபடி வெண்ணெய் வாசனை பிடிக்கத் தொடங்கிவிட்டதாம், ஆனால் அதுதானா என்று நாக்கு சார் வந்து சொன்னால்தான் உறுதியாகுமாம். மாமனார் நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவருடைய வெள்ளை மீசையின் இரண்டு ஓரமும் பழுப்பேறி, முடிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவர் பேசப்பேச அது அசைந்தது.

"மாமா, நீங்க பெரியவங்க. போகாதீங்கன்னு நான் சொல்ல முடியாது" என்றாள். "ஆனா இந்த மீசையோட என் எதிர்ல உக்காந்து சாப்பிடாதீங்க. ஒண்ணு அந்த பீர விடுங்க, இல்ல இந்த மீசைய எடுங்க."

அவர் மீசை ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்து, விரலை நாக்கில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் மீசை இல்லாமல் வந்து உட்கார்ந்தார். மூக்குக்கும் வாய்க்கும் நடுவே வெயிலே படாத தோல், உரித்த பூண்டுபோல் வெளுத்து, ஈரமாக இருந்தது. பேச ஆரம்பித்ததும் அது துடித்தது.

"இப்பப் போகலாமில்ல?" என்று கேட்டார்.

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றபடியே சாப்பிட்டு முடித்தாள்.