உழுததும் விழுந்ததும்

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்ததிலிருந்து சௌந்திரம் டீச்சரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஆட்டையாம்பட்டியில் அவளுக்கு அது முதல் வருஷம். பிள்ளைகள் பேசுகிறபடியே வீட்டை 'ஊடு' என்றும், விழுந்தான் என்பதை 'உழுந்தான்' என்றும் சிலேட்டில் எழுதினார்கள். அதனால், "வாயில உ வந்தா கையில வி எழுதோணும்" என்று ஒரு வாரமாகப் பழக்கியிருந்தாள்.

"உழவன் நிலத்தை உழுதான்" என்று இன்ஸ்பெக்டர் எழுதச் சொன்னார்.

சௌந்திரம் அவசரமாக முதல் வரிசைக்குப் போனாள். குஞ்சம்மாளின் சிலேட்டை எட்டிப் பார்த்தாள். 'விழவன் நிலத்தை விழுதான்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள் அந்தப் பெண். மற்ற சிலேட்டுகளிலும் அதேதான்.

"இப்படி எழுத யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

குஞ்சம்மாள் டீச்சரைப் பார்த்தாள். கண் கலங்கியது.

"நான்தானுங்க," என்றாள் சௌந்திரம். "குழந்தைங்க மேல தப்பில்லீங்க. கால்மணி நேரம் குடுங்க."

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனாள். குஞ்சம்மாள் ஏர் பிடிப்பதுபோல் நடந்து 'உழுதேன்' என்று மண்ணில் எழுதினாள். தீர்த்தகிரி என்ற பையன் தொப்பென்று சாய்ந்து, எழுந்து, 'விழுந்தேன்' என்று எழுதினான். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து மாறி மாறி உழுதார்கள், விழுந்தார்கள்.

மறுபடி எழுதியபோது இரண்டு பேர்தான் தவறினார்கள்.

"அடுத்த மாசம் திரும்ப வருவேன். வேற வார்த்தை கேட்பேன்," என்று சொல்லி இன்ஸ்பெக்டர் வண்டியேறினார்.

வண்டி தெரு திரும்புவதற்குள் சௌந்திரம் அந்த இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.