கை படாமல் ஒரு தேயிலை

1

இந்தக் கதை நான் வாங்கிய ஒரு திட்டில் பிறந்தது. மண் விஞ்ஞானி ஜீவராணி இறந்து வருஷம் திரும்புகிறது. காலமெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்ந்த அவருடைய அக்கா அம்மாக்கண்ணு, திதியன்று வாசிக்க ஏதாவது எழுதித் தரச் சொன்னார். பட்டங்கள், பதவிகள், போய்வந்த நாடுகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுபோய் வாசித்தேன்.

"என்னங்க தம்பி, வேலைக்கு மனு போட்ட மாதிரி இருக்கு. எந்தங்கச்சிக்கு இனிமே எதுக்கு வேலை? கதையா எழுதுங்க."

கதை என்றால் பொய் கலக்கும் என்றேன்.

"கலந்துக்கங்க. லயத்துல பொறந்தவன்னு மொதல்ல போடுங்க."

2

முதல் தொடக்கம்: 'பனி மூடிய மலைச்சரிவில் ஒரு சிறுமி...'

(அடித்துவிட்டேன். மலையகக் கதை என்றால் முதலில் பனியை இறக்கிவிட்டுத்தான் ஆளை இறக்குவது என்று நமக்கொரு வியாதி.)

இரண்டாம் தொடக்கம்: 'கலாநிதி ஜீவராணி லயத்தில் பிறந்தார்.'

இது நிற்கட்டும். எழுதும்போதே நெஞ்சு நிமிர்கிறது, மறைப்பானேன்? லயத்து ஒற்றை அறை வரிசை வீடுகளில் அடைந்து எங்கள் ஆட்கள் கூன் விழ நின்ற மண்ணை எங்கள் ஆள் ஒருவரே ஆய்வுகூடத்தில் வைத்து ஆராய்ந்தார். இந்த வரியில் பொய் கலக்கவில்லை.

3

ஓய்வு பெற்றதும் ஜீவராணி தன் ஊரான கந்தப்பளைக்கே வந்து துண்டுக் காணி வாங்கினார். வீடு சின்னது, தோட்டம் பெரியது. மழையிலும் குடையில்லாமல் ராகலைப் பக்கம் நடந்துவிட்டு, பேர் தெரியாத செடி ஏதாவது ஒன்றோடு திரும்புவார். லீக்ஸ், கரட், ரோஜா எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு தேயிலை வைத்தார்.

(அடிக்குறிப்பாக வரவேண்டியது: தேயிலை உண்மையில் மரம். விட்டால் கூரைக்கு மேல் போகும், வெள்ளையாகப் பூக்கும். நாம் வெட்டியும் கிள்ளியும் இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.)

"ஒண்ணாச்சும் அது இஷ்டத்துக்கு வளரட்டும்" என்பார். அது வளரவில்லை. மண்ணைப் பரிசோதித்தார், உரத்தை மாற்றினார். ஒடிந்த நுனிகளைக் கண்டதும் பக்கத்துவீட்டு வீரய்யாவின் ஆட்டைச் சந்தேகித்து வேலி போட்டார். அப்போதும் வளரவில்லை.

4

ஒருநாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தார். தினமும் வருகிற அக்கா செடியருகே நின்று, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வீரய்யாவோடு பேசிக்கொண்டிருந்தார். வாய் பேசப் பேச, இரண்டு கைகளும் தம்பாட்டில் கொழுந்தைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தன.

"அக்கா, என்ன செய்யிற?"

"என்ன செஞ்சேன்? சும்மாதானே நிக்கிறேன்."

ஜீவராணி அக்காவின் மடியைக் காட்டினார்.

இந்த இடத்தில் 'விஞ்ஞானிக்குக் கோபம் வந்தது' என்று எழுதியிருந்தேன். அம்மாக்கண்ணு ஒத்துக்கொள்ளவில்லை.

"கோவமா? தரையில உக்காந்து சிரிச்சா. 'என்னைய படிக்க வச்ச கையி, இத எப்புடி திட்டுறது'ன்னா."

ஆஸ்பத்திரியில் தங்கை கடைசியாகக் கேட்டது அந்தச் செடியைத்தான். "அத மட்டும் விட்டுரு அக்கா." அக்கா தலையாட்டியிருக்கிறார்.

5

முடிவுகள்.

அ) தேயிலை மரமாகிப் பூக்கிறது. அழகுதான். ஆனால் ஒரு வருஷத்தில் எங்கே அவ்வளவு வளரும்?

ஆ) வாக்கைக் காப்பாற்ற அக்கா தோட்டத்துக்குப் போவதையே விட்டுவிடுகிறார். வாசித்துக் காட்டினேன். "கரட்டுக்கு யாரு தண்ணி ஊத்துறது? நீங்களா?" என்று கேட்டார்.

இ) இப்போது நடப்பது. தோட்டத்தில் நிற்கிறோம். செடி அம்மாக்கண்ணுவின் தோளைத் தொட்டுவிட்டது. போன வாரத்து மழைக்கு உச்சியெல்லாம் இளங்கொழுந்து. அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கிறார்.

"தம்பி, பேச ஆரம்பிச்சா எனக்கு நெனப்பிருக்காது. எங்கையப் பாத்துக்கிட்டே இருங்க. போச்சுன்னா சத்தம் போடுங்க."

சரியென்றேன். அவர் தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தங்கை பட்டம் வாங்கிய அன்று லயமே பஸ் பிடித்துப் போனது, தோட்டத்தை நடத்தும் பெரிய துரை எழுந்து நின்று கைகொடுத்தது. பேசப் பேச முகம் பிரகாசமாகிறது. ஒரு சொல்லைக்கூட விடக்கூடாது என்று நான் குனிந்து எழுதுகிறேன். குனிந்தால் கை தெரியவில்லை.

கோத்த விரல்கள் இப்போது அவிழ்ந்திருக்கும். வாசகரே, நான் எழுதுவதை நிறுத்தப்போவதில்லை. நீங்கள் சத்தம் போடுங்கள்.