ஏழாம் குழாயும் நீலப் பெட்டியும்

நான்காம் கிரீனில் ஏழாம் குழாயின் படம் மட்டும் இல்லை என்பது, அதன்மேல் சரளையும் மணலும் கொட்டி மிதித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நுவரெலியா பக்கம் பழைய தேயிலை மலை ஒன்றைக் கோல்ஃப் மைதானமாக மாற்றுகிறார்கள். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் புல்தரைக்குத்தான் கிரீன் என்று பெயர். மழைத் தண்ணீர் வடிய அதற்கடியில் குழாய்கள் பதிக்கிறோம். ஒவ்வொரு குழாயின் மேலும் லெவல் கட்டையை வைத்தால் அதன் சின்னத் திரையில் சரிவு தெரியும். நூற்றுக்கு ஒன்றுக்குக் குறையக் கூடாது. மூடுவதற்கு முன்னால் அதைப் படமெடுத்துக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. சொந்த ஊரான நோட்டன் பிரிட்ஜிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"ஏழு எங்க மதுரன்?" என்றார் எங்கள் மேற்பார்வையாளர் கஜேந்திரன் சேர்.

"அளந்தேன் சேர். படந்தான்..."

"நாளைக்குக் கொழும்புல இருந்து செக் பண்ண வர்றாங்க. படம் இல்லாட்டி தோண்டச் சொல்லுவாங்க. தோண்டுனா நான் இருப்பேன், நீ இருக்க மாட்ட."

மண்வெட்டியோடு நின்ற சோலைமலை அண்ணன், "நாலு நாளா மிதிச்ச மண்ணு தம்பி. தோண்டச் சொன்னாங்கன்னா ஒன்னையும் உள்ள வச்சுத்தான் மூடுவேன்" என்றார்.

அந்த நேரத்தில்தான் ரொட்டி நினைவுக்கு வந்தது. அந்தக் குழாயைப் பதித்த அன்று, அதற்காக வெட்டிய நீளப் பள்ளத்தில், கானுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். லெவல் கட்டைதான் மேசை. நான் சாப்பிடுகிறேன் என்பதைப் படம் பார்த்தால்தான் அம்மா நம்புவார். அதனால் படத்தைப் போட்டு, கை ரொட்டியில் இருந்ததால் 'சாப்பிடுறேன்' என்று வாயால் சொல்லிப் போனையே எழுதவிட்டு, வீட்டுக் குழுவுக்கு அனுப்பினேன். என் போனில் இடமில்லை. அன்றன்றைக்கே எல்லாவற்றையும் அழித்துவிடுவேன்.

வீட்டுக்கு அழைத்தேன்.

"அம்மா, போன செவ்வாக்கெழம போட்ட சாப்பாட்டுப் படம் இருக்கா?"

"ஏன், அன்னைக்குச் சாப்பிடலயா?"

"சாப்பிட்டேம்மா. படம் வேணும்."

"சாப்பிட்டவனுக்குப் படம் எதுக்கு? கொரலே சரியில்லயே, காய்ச்சலா?"

"வேல போயிரும்மா!"

அம்மா உள்ளே திரும்பிக் கத்தினார், "அடியே வினோதா! அண்ணன் படத்த எடுடி!"

தங்கை அனுப்பினாள். படத்தில் குழாய் இருந்தது. '4-7' என்று எழுதிய பலகை இருந்தது. லெவல் கட்டை இருந்தது. திரையின் மேல் சரியாக என் நீலச் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது.

பெட்டிக்கு அடியில் பார்த்துவிடலாம் என்பதுபோல் சேர் போனைச் சாய்த்துப் பார்த்தார்.

"நூத்துக்கு ஒரு ரொட்டின்னு எழுதிக்கிருங்க சேர்" என்றார் சோலைமலை அண்ணன்.

"இது மட்டுந்தானா வினோதா?" மறுபடி அழைத்துக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.

"அன்னைக்கு நீ ஒரு ரொட்டி மிச்சம் வச்சேன்னு அம்மா திட்டுனாங்கல்ல? முழுசா தின்னுட்டுப் படம் போடுன்னாங்க. இரு, அதயும் அனுப்புறேன்."

அதே கான். அதே பலகை. காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்தபடி, விழுங்கியதற்கு ஆதாரமாக வாயை ஆவென்று திறந்து நான். திறந்து கிடந்த திரையில், 1.2.

மறுநாள் கொழும்பு அதிகாரி கோப்பை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஏழில் நின்றார். "மேக மொகக்த?" என்று, படத்தில் திறந்திருந்த என் வாயைத் தொட்டு, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார். சேர் வியர்த்தபடி அதே மொழியில் அம்மாவைப் பற்றி விளக்கினார். அதிகாரி தேதியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கிரீன் மேல் தண்ணீர் அடிக்கச் சொல்லி, வடியும்வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"அம்மாகிட்ட சொல்லு, ஏழு பாஸ்" என்றார் என்னிடம், அரைத் தமிழில்.

சொன்னேன்.

"சந்தோசம்யா. இன்னைக்குப் படம் எங்க?"

மணி இரண்டரை. பயத்தில் நான் சாப்பிடவே இல்லை. பெட்டி அப்படியே அறையில் கிடந்தது. அவசரத்துக்கு சோலைமலை அண்ணனின் காலிப் பெட்டியை வாங்கிக் கவிழ்த்துப் பிடித்து, வாயைத் திறந்து, படத்தை அனுப்பினேன்.

அரை நிமிடத்தில் அம்மாவின் குரல் வந்தது.

"நான் வாங்கிக் குடுத்தது நீலம். இது யாரு பெட்டிடா?"