மேஸ்திரி பூசிய பாசிப் பந்து

தான் தூக்கி வந்த ஏணியின் நுனி இடித்துப் பூந்தொட்டி உடைந்த சத்தத்தைவிட, அதன் பிறகு வீட்டில் விழுந்த அமைதிதான் மேஸ்திரியைக் கலங்கடித்தது. மனைவி நாலு வார்த்தை திட்டியிருந்தால் காதில் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவளோ சிதறிய மண்ணை வாரினாள், பெரணிச் செடியின் வேரை ஈரத்துணியில் சுற்றி ஒரு குவளையில் வைத்தாள், வாயைப் பூட்டிக்கொண்டாள். சுண்டுவிரல் உயரத்தில் வாங்கி வந்து அவள் வளர்த்த செடி அது. இவர் வீட்டில் வளர்த்தது தொப்பை மட்டும்தான்.

அன்றிலிருந்து அவள் பேச்செல்லாம் குக்கரோடுதான். “தண்ணி சுட்டாச்சு. குளிக்கிறவங்க குளிக்கலாம்” என்று அதனிடம் சொல்வாள், இவர் எழுந்து போய்க் குளிப்பார். துணிக்கடையில் தையல் வேலை பார்ப்பவள். கால்சட்டையைத் தளர்த்த வருபவர்கள், துணிதான் சுருங்கிவிட்டது என்று சாதிக்கும் கதைகளையெல்லாம் முன்பெல்லாம் தினமும் மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவாள். பாதித் தூக்கத்தில் ‘ம்’ கொட்டியே காலம் தள்ளியவருக்கு, கொட்டுவதற்கு ஒரு ‘ம்’ இருந்தும் இடமில்லாமல் போயிற்று.

இந்த நிலையில்தான் கைப்பேசியில் அந்த வீடியோ வந்தது. ஜப்பானில் தொட்டியே இல்லாமல் செடி வளர்க்கிறார்களாம். வேரைச் சுற்றி மண்ணை உருண்டையாகப் பிடித்து, பாசியைப் போர்த்தி, நூலால் சுற்றித் தொங்கவிடுகிறார்கள். மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். தொட்டியே இல்லையென்றால் எந்த ஏணி வந்து எதை உடைக்கும்?

வாழ்நாள் முழுக்கச் சுவரிலிருந்து சுரண்டி எறிந்த பாசியை, முதன்முறையாகக் கும்பிடாத குறையாகத் தேடிப் போனார். வேலை நடக்கும் இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்சுவரில் பச்சைப் பட்டாகப் படர்ந்திருந்தது. சிமென்ட் பூசும் கரணையைப் படுக்கவைத்துப் பதமாக உரித்தெடுத்தார். பெயின்டர் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தான்.

“என்ன மேஸ்திரி, சுவத்துக்கு முகச்சவரமா?”

“வீட்டுக்குடா.”

“ஊர்ல எல்லாரும் வீட்டுக்குப் பூ வாங்கிட்டுப் போறான். நீங்க பாசி கொண்டு போறீங்க. நடத்துங்க.”

மனைவி கடை வேலைக்குப் போயிருக்க, தனக்கு விடுமுறையான ஒரு நாளில் வேலையைத் தொடங்கினார். களிமண்ணை மாவாகச் சலித்தார். நீர் விட்டு, மிதித்துக் குழைத்தார். வேரை நடுவில் வைத்து உருட்டி, அறைந்து அறைந்து இறுக்கி, கரணையால் தேய்த்து மெருகேற்றினார். மேலே பாசி, அதற்கு மேல் நூல். முடிந்ததும் புதுச்சுவருக்குச் செய்வதுபோல ஈரச்சாக்கும் போர்த்தி வைத்து, பிறகு எடுத்துத் தொங்கவிட்டார். மாலையில் வந்த மனைவி பால்கனியில் தொங்கிய பச்சைப் பந்தைப் பார்த்தாள். புருவம் ஏறி இறங்கியது. மேஸ்திரி அதையே பாதி வெற்றி என்று எண்ணிக்கொண்டார்.

ஆனால் செடி ஒத்துழைக்கவில்லை. நாளுக்கு நாள் இலைகள் தொங்கின. ஊற்றுகிற தண்ணீரெல்லாம் பந்தின் மேல் வழிந்து தரைக்கு ஓடியது. அவர் இன்னும் ஊற்றினார். இன்னும் ஓடியது. இதுவும் போனால் இனி அவள் குக்கரோடேயே குடித்தனம் நடத்திவிடுவாள்.

ஒரு காலை, குவளையும் கையுமாக அவர் நின்றபோது அவள் வந்தாள். பாசியை விலக்கி, ஊசியால் மண்ணைக் குத்தினாள். ஊசி வளைந்தது.

“ஏங்க, இது செடிங்க. தண்ணித் தொட்டி இல்ல.”

மேஸ்திரிக்குச் சட்டென்று உறைத்தது. ஒரு சொட்டு உள்ளே போகாது என்று ஊருக்கெல்லாம் உத்தரவாதம் கொடுத்த கை, இங்கேயும் அதையே செய்து வைத்திருக்கிறது.

“கைப்பழக்கம்மா...”

“நல்ல பழக்கம். அதுக்கு மூச்சு விட இடம் வேணாமா? இழுத்துப் பிடிச்சுத் தச்சா எந்த உடம்பு தாங்கும்?”

பந்தை வாளியில் ஊறப்போட்டு, நகம் படாமல் பிரித்தாள். கருகிய வேர்களுக்கு நடுவே வெள்ளையாக இரண்டொரு நுனி மிச்சமிருந்தது. அவள் மூச்சு விட்டாள். மணலும் மக்கிய இலையும் தேங்காய் நார்த்தூளும் கலந்து கையில் பிடித்துப் பார்த்தாள். பிடித்தால் நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். உருண்டையை அவர் உள்ளங்கைகளில் வைத்தாள். “அழுத்துனீங்கன்னா தெரியும் சேதி” என்று மிரட்டிவிட்டுப் பாசியைப் போர்த்தி, நூலைச் சுற்றத் தொடங்கினாள்.

சுற்றச் சுற்றப் பேச்சும் அவிழ்ந்தது. கடை முதலாளி புது விக் வைத்துக்கொண்டு வந்தது, மின்விசிறிக்கு அடியில் அவர் நிற்கவே பயப்படுவது, அதைப் பார்க்காததுபோல் எல்லோரும் தைத்துக்கொண்டே இருந்தது. மேஸ்திரி சிரித்தார். பந்து குலுங்கியது. அசையாதீங்க என்று அதட்டிவிட்டு, அவளும் சிரித்தபடி அடுத்த கதைக்குத் தாவினாள்.

மூன்றாவது சுற்றிலேயே அவருடைய கட்டைவிரலையும் சேர்த்து அவள் கட்டிவிட்டிருந்தாள். நூல் மேலும் மேலும் ஏறிக்கொண்டிருந்தது. பாசியின் ஈரம் விரலில் சில்லென்று இறங்கியது. மேஸ்திரி விரலை இழுக்காமல், பந்தை ஏந்தியபடியே, “ம்... அப்புறம்?” என்றார்.