பௌர்ணமியன்று படம் வராது

டவர் வேண்டும் என்று தெருவில் முதலில் சொன்னவன் திருமலைதான்.

கிரிவலக் கூட்டம் போகும் செங்கம் சாலையிலிருந்து பிரியும் தெருவில் அவனுடைய கேபிள் டிவி கன்ட்ரோல் ரூம் இருந்தது. மாடியில் பெரிய டிஷ்கள். அவை வாங்கும் சானல்கள் கீழறைக்கு இறங்கி, கம்பி வழியாகச் சுற்றிலும் உள்ள வீடுகளுக்குப் போயின. அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

பக்கத்து வீடு அவன் அக்கா வெள்ளையம்மாளுடையது. கணவன் இறந்தபின் அவளுக்கு வீடு இருந்தது, வருமானம் இல்லை. தம்பி வீட்டில் சாப்பிட்டாள்.

பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டத்தில் செல்போன்கள் செத்துவிடும். ஃபைவ்ஜி டவர் வைக்க ஒரு கம்பெனி மாடி தேடி வந்தபோது அவன் அக்கா வீட்டைக் காட்டினான். மாதா மாதம் வாடகை வரும் என்றான். தெருவாசிகள் கதிர்வீச்சு என்று பயந்தார்கள். வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்குப் போய், திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்தார்கள். அவன் எதிர்மனு கொடுத்தான். தன்னுடைய லோக்கல் சானலில் ஒரு வரி ஓடவிட்டான். டவரால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை.

டவர் வந்தது. அக்கா தனியாகச் சமைக்க ஆரம்பித்தாள்.

அடுத்த பௌர்ணமியன்று மதியத்துக்குமேல் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. முகங்கள் பாதியில் உறைந்தன. இப்போது எல்லோருக்கும் லைன் கிடைத்தது. எல்லோரும் அவனைத் திட்டினார்கள்.

டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்தான். புது ஃபில்டர் வாங்கிப் போட்டான். டவர் பக்கம் தகர ஷீட் நிறுத்தினான். மற்ற நாட்களில் படம் தெளிவாக இருந்தது. பௌர்ணமி வந்ததும் மறுபடியும் உடைந்தது. சாலையில் கூட்டம் ஏற ஏற டவர் ஓயாமல் பேசியது. அது பேசியபோதெல்லாம் அவன் டிஷ் செவிடானது.

மனு எழுதிக்கொண்டு வேங்கிக்கால் போனான். வாங்கிய குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.

"போன தபா டவர் வரணும்னு குடுத்தீங்க."

"ஆமாங்க."

"இப்ப எடுக்கணும்னு குடுக்கறீங்க. ரெண்டையும் ஒரே ஃபைல்ல போட்டுடவா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மனு மேலே போனது. சென்னையிலிருந்து பரசுராமன் என்ற அதிகாரி அலை அளக்கும் கருவியோடு வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை. அமாவாசை முடிந்திருந்தது. கிரிவலச் சாலையில் நாய்கள் படுத்திருந்தன. கருவி திரையில் கோடுகள் எழுந்து அடங்கின.

"எல்லாம் வரம்புக்குள்ளதான் இருக்குது," என்றார் பரசுராமன்.

"அப்புறம் ஏன் சார் படம் ஒடையுது?"

"இந்த அலைவரிசை முன்னாடி சாட்டிலைட் டிவிக்குன்னு இருந்துச்சு. அதுல கீழ்ப்பாகத்த வெட்டி செல்போனுக்குக் குடுத்துட்டாங்க. கம்பெனிக்காரங்க ஏலத்துல எடுத்திருக்காங்க. உங்க சானலுங்க மேல்பாகத்துல இருக்குது. நடுவுல எடமும் விட்டிருக்குது. ஆனா டவர் ரொம்பக் கிட்ட. உங்க டிஷ் ஆகாசத்துலேர்ந்து வர்ற முணுமுணுப்பக் கேக்கறது. காதுகிட்ட ஒருத்தன் கத்தினா எப்படிக் கேக்கும்?"

"அவன வாய மூடச் சொல்லுங்க."

"அவன் அவனோட எடத்துல நின்னு கத்தறான். அவனுக்குப் பட்டா இருக்குது."

"எனக்கு?"

"நீங்க சிக்னல சும்மா வாங்கறவரு. வாங்கறதுக்கு உரிமைன்னு ஒன்னு கெடையாது. புறம்போக்குல குடிசை போட்ட மாதிரி. இருந்தவரைக்கும் இருந்தீங்க. டிஷ்ஷ வேற எடத்துக்கு மாத்திக்குங்க."

"எல்லா லைனும் இங்கேர்ந்துதான் போவுது. வேற எடம் எனக்கு ஏது?"

பரசுராமன் கருவியைப் பெட்டியில் வைத்தார்.

"சார், காலி ரோட்ட அளந்தா இன்னா தெரியும்? பௌர்ணமிக்கு ஒரு தபா வாங்க."

"பௌர்ணமிக்கா? ஐயோ சாமி. ரூம் கெடைக்காது, பஸ்ல நிக்க எடம் கெடைக்காது. குடும்பத்தோட ஒரு தடவ வந்து அனுபவிச்சாச்சு."

அறிக்கை வந்தது. படம் தெளிவாக உள்ளது. பௌர்ணமியன்று பாதிப்பு என்பது மனுதாரரின் கூற்று மட்டுமே.

மிச்சம் இருந்தது அக்காதான். ஒப்பந்தம் அவள் பெயரில். அவள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் டவர் இறங்கும்.

வெள்ளையம்மாள் முறத்தில் மல்லாட்டை ஓட்டை உடைத்துக் கடலையை எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"எடுத்துட்டா சோத்துக்கு இன்னாடா பண்றது?"

"எங்கூட்ல வந்து சாப்புடு. முன்ன சாப்புடலியா?"

"சாப்ட்டேன்." தோலை ஊதினாள். "உம் பொண்டாட்டி ஒரு வார்த்த சொன்னதில்ல. ரெண்டாவது தபா கொழம்பு கேட்டா கரண்டிய மட்டும் கொஞ்சம் மெதுவாத் தூக்குவா."

"அத இப்ப ஏன் பேசற?"

"அப்ப பேச முடியாது. வாயில சோறு இருந்துச்சு."

"எம் பொழப்பு போவுதுக்கா."

"எம் பொழப்பு போனா பரவால்லியா?"

"நான்தான் உனக்கு இத வாங்கிக் குடுத்தேன்."

"ஆமா. குடுத்த. குடுத்தது எனக்குன்னு நெனைச்சேன்."

அவன் எழுந்தான். ஒரு கைப்பிடி மல்லாட்டையை எடுத்து நீட்டினாள். வாங்காமல் போனான்.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. அவன் அடுத்த பௌர்ணமிக்குத் தயாரானான். யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்தான். மதியம் படம் உடைந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அது அடிக்கவில்லை. சாலையில் கூட்டத்தின் செருப்பில்லாத காலோசை கேட்டது.

லைன்மேன் பிரகாஷ் உள்ளே வந்தான்.

"ஒரு கம்ப்ளெய்ன்ட் கூட இல்லியே. இன்னாடா ஆச்சு?" என்று கேட்டான் திருமலை.

"யாருண்ணா பாக்கறாங்க? எல்லாம் போன்லயே பாக்கறாங்க. டவரு பக்கத்துல, சூப்பரா வருதாம்."

"நம்ம கனெக்‌ஷன்?"

"பாக்ஸ் ஊட்ல இருக்குது. டிவி மேல துணி போட்டு மூடிட்டாங்க." பிரகாஷ் வாசலையே பார்த்தான். "அண்ணா, ஃபைபர் கம்பெனில கூப்புடறாங்க. ஒன்னாந்தேதிலேர்ந்து போலாம்னு இருக்கறேன்."

"போ."

"கோவமா?"

"போடா."

பிரகாஷ் போனபின் திருமலை சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தான். கடைசியாக லோக்கல் சானல். மின்விசிறிகள் சுற்றி நின்றன. அந்த அறையில் இத்தனை அமைதியை அவன் கேட்டதில்லை. யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தான். வெளியே இருட்டத் தொடங்கியது.

போன் அடித்தது. எடுத்தான்.

"டேய், டிவி சுத்தமா வரலடா," என்றாள் வெள்ளையம்மாள்.

அவன் அணைத்த சுவிட்சுகளைப் பார்த்தான்.

"இத்தினி பௌர்ணமியா ஒடைஞ்சி ஒடைஞ்சியாவது வந்துச்சு. நானும் ஒன்னும் சொல்லாம பாத்துகினு கெடந்தேன். எனக்கு போன்ல போட்டுப் பாக்கத் தெரியாதுடா. இன்னான்னு பாரு."

"வராதுக்கா."

"எப்ப வரும்?"

பக்கத்து வீட்டிலிருந்து அவள் குரல் சுவர் வழியாகவும் கேட்டது. அவன் போன் லைனைத் துண்டித்தான்.